முடிச்சை அவிழ்த்தவள்

என் பவுனுக்கு,

கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதே, அதற்கு மறு மாசம் நீ போனாய். பொங்கல் முடிந்திருந்தது. மீன் தின்னவே ஜனங்கள் பயந்துகொண்டிருந்த நேரம். காசிமேட்டில் வஞ்சிரம் கேட்பாரில்லாமல் கிடந்தது. எனக்கு எழுத்தும் தெரியாது, தேதியும் தெரியாது. எது எதோடு சேர்ந்து நடந்தது என்று கேட்டால் மட்டும் தப்பாமல் சொல்லுவேன். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம் நம் செல்வி பிறந்தாள். மெட்ராஸ் சென்னையான வருஷம் எனக்குத் துறைமுகத்தில் வேலை ஓய்ந்தது. கடல் வந்த வருஷம் நீ.

இன்றைக்கு உனக்குத் தலைத் திவசம். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கி ஓய்ந்தவர்கள் வருஷா வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள் இல்லையா, அதில் உனக்கு ஒரு கடிதம் போட இடம் கேட்டேன். கொடுத்தார்கள். நான் சொல்கிறேன், செல்வி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதுடி என்றால், “நாலு பேர் படிக்கறது நைனா, கொஞ்சம் ஒழுங்கா இருக்கணும்” என்று திருத்தித் திருத்தி எழுதுகிறாள். நீ என்னைத் திருத்தாத திருத்தா? இருக்கட்டும்.

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நீ உயிரோடிருந்தபோது கிடைத்திருக்க வேண்டிய சேதி.

கடைசி வாரம் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. செல்வி உன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். “எங்கம்மா என்னிய அவுத்து வுட்டுட்டுப் போச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. நா அப்டிப் போவலடி, பாத்துகினேதான் போறேன்” என்றாய். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியும் அந்த ஒரு முள் உனக்குள்ளேயே இருந்தது.

மலரைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று சொல்லுகிறேன். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது உனக்கு நாலைந்து வயசு. கப்பலுக்கு வழியில்லாத தமிழ் ஜனம் மலை ஏறிக் காடு தாண்டி இந்தியாவுக்கு நடந்தே வந்தது. அந்த நடையில் உனக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்: உன் இடுப்பிலிருந்து அம்மாவின் இடுப்புக்கு ஒரு துணிக் கயிறு. ஒரு நாள் காலையில் அம்மா அந்த முடிச்சை அவிழ்த்தாள். அப்புறம் அவளுடைய முதுகு. அப்புறம் யாரோ ஒரு அக்காவின் இடுப்பு. ராயபுரம் விறகுத் தொட்டிக்காரரும் அவர் பெண்சாதியும் உன்னை எடுத்து வளர்த்துப் பவுனு என்று பேர் வைத்தார்கள். அவர்களுக்கும் அதற்கு மேல் தெரியாது.

தேடிப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் என்ன சொல்லுவாய்? “என்னியத் தேடாதவங்கள நா இன்னாத்துக்குத் தேடணும்? நீ துன்னுட்டுக் கையக் கழுவு.”

நீ இருந்தவரைக்கும் உன் பேச்சைத் தட்டவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நடந்து வந்தவர்களில் ஒருத்தராவது இந்தப் பக்கம் உயிரோடு இருக்க மாட்டார்களா? இருந்தால் ஒரே ஒரு கேள்வி. அந்தத் தாய் ஏன் அவிழ்த்தாள்?

பஸ்ஸில் போனால் யாரைக் கேட்பது? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் டீக்கடை, சலூன், குழாயடி என்று நின்று நின்று கேட்டேன். வெயில் ஏறினால் பஸ் பிடித்து வீட்டுக்கு. மறுநாள் விட்ட இடத்தில் இறங்கி மறுபடியும் நடை. “முட்டி வீங்கிகீது நைனா, ஒனுக்கு இன்னா வேண்டுதலா?” என்று செல்வி தைலத்தைப் போட்டுத் தேய்ப்பாள், திட்டுவாள்.

இந்த நடையில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒருத்தரைப் பற்றிக் கேட்டால் யாரும் உடனே பதில் சொல்லுவதில்லை. முதலில் தங்கள் கதையைச் சொல்லுகிறார்கள். அதை முழுக்கக் கேட்டு முடித்தால்தான் அடுத்த ஆளின் பேர் வாயிலிருந்து வரும். நடுவில் எழுந்தால் போச்சு.

முதலில் அகப்பட்டது தள்ளுவண்டியில் அத்தோ போடுகிற ரத்தினம். பர்மாக்காரர்களின் அந்த நூடுல்ஸைத்தான் சொல்லுகிறேன். ஐம்பது வயசு இருக்கும் அவனுக்கு. “மொதல்ல ஒரு தட்டு துன்னு பெரியவரே. வெறும் வயித்துக்கு நான் பர்மா கத சொல்றதில்ல” என்றான். தின்றேன்.

“நடந்து வந்தவங்க யாரையாவது தெரியுமா?”

“நாங்க கப்பல்ல வந்தவங்கோ. நடந்தவங்கோ எங்களுக்கு இருவது வருஷம் முந்தி. எங்களக் கேட்டா பொழுதன்னிக்கும் பேசுவோம். அவங்க வாயத் தொறக்க மாட்டாங்கோ” என்றவன் தன் கதையைத் தொடங்கினான். பர்மா சர்க்கார் அவர்களைக் கப்பலில் திருப்பி அனுப்பியபோது கையில் அதிகம் எடுத்துப்போக விடவில்லையாம். “எங்கம்மா இன்னா பண்ணிச்சு தெரியுமா? கீற பொடவ அத்தினியும் ஒண்ணு மேல ஒண்ணா சுத்திக்கினு கப்பல் ஏறிச்சு. மெட்ராஸ் வெயில்ல எறங்கச்சொல்லோ படியிலயே மயக்கம். டாக்டரு வந்து பொடவய அவுக்கறாரு, அவுக்கறாரு, ஆளே வரல!”

அந்தக் கப்பல்கள் வந்தபோது நான் அதே துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் அல்லவா? முகத்தில் சந்தனம் மாதிரி எதையோ பூசிக்கொண்டு இறங்கிய பெண்களை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தவன். “குண்டா ஒரு அம்மா மயங்கி வுழுந்ததப் பாத்தா மாதிரி கீதேப்பா” என்றேன்.

“குண்டு இல்ல பெரியவரே, பொடவ!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தான். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறதாம். அவள் புடவைகளில் ஒன்றுதான் வண்டிக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருந்தது. நான் எழுந்தபோது, “தண்டையார்பேட்டையில கைலி மூட்டற பாய் ஒருத்தர் கீறாரு. பர்மா சனம் மொத்தமும் அவராண்டதான் போவும். கேட்டுப் பாரு” என்றான்.

பாய் என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். கைலியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே பேசினார். “உக்காருங்க. மிஷின் நிக்காது, நீங்க பாட்டுக்குக் கேளுங்க” என்றவர், என்னைக் கேட்கவே விடவில்லை. சின்ன வயசில் அவருக்குக் கப்பலேறி ரங்கூன் போகிற வெறி. தையல் மிஷினில் உட்காரவைத்த வாப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நாள் விடியற்காலையில் துறைமுகத்துக்குள் புகுந்து, கிடைத்த கப்பலில் ஏறி ஒளிந்துகொண்டாராம். “கப்பல் நவுந்திச்சு. ஆஹா, ரங்கூன்டா தோஸ்துன்னு கண்ண மூடிக்கினேன். மத்தியானம் எட்டிப் பாக்கறேன், அதே லைட் அவுசு. சாயங்காலம் எட்டிப் பாக்கறேன், அதே லைட் அவுசு. நா ஏறினது மண் வாரற கப்பல் சார்! ஹார்பர் வாசல்லயே சுத்திச் சுத்தி வந்து, பொழுது சாய எறக்கி வுட்டானுங்க. வாப்பா கேட்டாரு, ‘இன்னாடா, ரங்கூன் நல்லா கீதா?’ன்னு.”

நாங்கள் இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் கேட்டேன். மிஷின் நின்றது.

“எர்ணாவூர்ல ஒரு அம்மா கீது. கொள்ளுப் பேத்திங்க பாவாட தைக்கக் கொண்டாரும். இடுப்பாண்ட பின்னாடி துணியில ஒரு வளையம் வெச்சித் தையிம்பாங்க. இன்னாத்துக்கும்மான்னு கேட்டேன். திருவிழாக் கூட்டத்துல கயிறு போட்டு நம்ம இடுப்போட கட்டிக்கத்தாம்பான்னாங்க. இந்தக் காலத்துல யாரும்மா புள்ளையக் கட்டி இஸ்துகினு போவான்னு கேட்டா, ‘நடந்தவ கட்டுவா’ன்னுச்சு. வேற ஒண்ணும் சொல்லல.”

பவுனு, எனக்கு உன் முந்தானைதான் நினைவுக்கு வந்தது. திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் செல்வியின் இடுப்பை உன் முந்தானையோடு முடிந்துகொள்ளுவாயே. தெருவே சிரிக்கும். “கன்னுக்குட்டியா ஓட்டிகினு போற?” என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

மறுநாள் காலடிப்பேட்டையில் இறங்கி நடந்தேன். திருவொற்றியூர் போனால் அன்றைக்குப் பார்த்துத் திருவிழாக் கூட்டம். பந்தலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தவன் எழவில்லை. எர்ணாவூர் பக்கம்தான். ஆனால் அந்தம்மா, ‘ஆமா, சுமை தாங்காம விட்டுட்டுத்தான் போனா’ என்று சொல்லிவிட்டால்? அதைக் கொண்டுபோய் செல்வியிடம் எப்படிச் சொல்லுவது? தெரியாமலே போனவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று திரும்பிவிடலாமா? நீயே சொல்லு, நீ என்ன செய்திருப்பாய்?

மனசு ஒரு பக்கம் இழுக்க, கால் இன்னொரு பக்கம் போயிற்று. எர்ணாவூரில் கடலுக்கு வீட்டைக் கொடுத்தவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். வாசலில் ஒருத்தன் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். பேர் ஆறுமுகம். வழி கேட்டேன், உட்காரச் சொன்னான். “அதோ ரேசன் கடையாண்ட சாஞ்சிகினு கீது பாரு, அது என் போட்டு. கடலு தூக்கியாந்து வெச்சிட்டுப் போச்சு. பொறந்ததுலேர்ந்து நான் ரேசன் கியூவுல நின்னதில்ல. என் போட்டு நிக்குது.”

அவனிடம் ஏனோ என் பயத்தைச் சொன்னேன். வலையை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். “கெட்ட சேதின்னாலும் கேட்டுட்டுப் போயிடு மாமு. சேதியே வராம கீறதுதான் பெரிய பேஜாரு. எங்க தெருவுல ஒரு அம்மா தெனிக்கும் புள்ளைக்கு ஒரு தட்டு எடுத்து வெக்குது. கடலாண்ட போயி யாரு கேக்கறது?” என்றவன், எழுந்து வந்து வீட்டையே காட்டிவிட்டுப் போனான்.

அந்தம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்துக்கு மேலே இருக்கும். எங்கள் பேச்சு அவருக்கு இன்னும் ஒட்டவில்லை, தெற்கத்திப் பேச்சு. என்னைக் கண்டதும், “நிவாரணம் எழுத வந்தியளா? எங்க வீட்டுக்குத் தண்ணி வரல. வந்துச்சுன்னு எழுதுறதா இருந்தா எழுதிக்கங்க” என்றார்.

எழுதவே தெரியாதும்மா என்று உட்கார்ந்தேன். ராயபுரம் விறகுத் தொட்டியில் வளர்ந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். துணிக் கயிற்றைச் சொன்னேன். முறம் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் பேசியது முழுக்க அவர்தான். அதை அவர் வாயிலேயே கேளு.

“எங்க கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி. மலைப் பாதை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். பிள்ளைகளை எல்லாம் சேலையைக் கிழிச்சு இடுப்போட கட்டிக்கங்கன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. பேதி கண்டவுக கூட்டத்தோட நடக்கக் கூடாது, கூப்பிடு தூரம் பின்னாடி வரணும். பிள்ளையைத் தானே அவுத்து இன்னொருத்தி இடுப்புல கட்டிவிடணும். மேஸ்திரி வந்து அவுக்க மாட்டாரு. பெத்தவதான் அவுக்கணும். ஒளிச்சவுக இருந்தாக. அவுக பிள்ளையும் போச்சு.

“ஒரு நா வெள்ளன இந்தப் பிள்ளையோட ஆத்தா அங்கம்மாவுக்குப் பேதி கண்டுபோச்சு. யாருக்கும் தெரியாது. நேரா எங்கிட்ட வந்தா. எனக்கு அப்பத் தாவணி போடுற வயசு. எங்காத்தா முந்தியே போயிட்டா, என் இடுப்பு காலியாத்தான் கிடந்துச்சு. முடிச்சை அவுக்கிறா, அவுறல. பல்லால கடிச்சு அவுத்தா. எனக்குக் கட்டிவிட்டுட்டுக் காதுல சொன்னா, ‘திரும்பிப் பாக்காதடி, நானும் பாக்க மாட்டேன். பாத்தா அது ஓடி வந்துரும்.’ பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பின்னாடி போயிட்டா.”

“அவ்வளவுதானாம்மா?” என்றேன்.

“எங்குட்டு அவ்வளவுதான்? பொழுது சாய அடுப்பு மூட்டுவோம். பின்னாடி இருட்டுக்குள்ள இருந்து குரல் வரும். ‘பிள்ளை தின்னுச்சா?’ நான் ‘தின்னுச்சு’ன்னு கத்துவேன். ஒண்ணுமே இல்லாத அன்னைக்கும் தின்னுச்சுன்னுதான் கத்துவேன். ஆத்தா குரலைக் கேட்டா இது அழுதுரும்னு பிள்ளை காதைப் பொத்திருவேன். தெனம் குரல் வந்துச்சு. பேதியோட நடந்துக்கிட்டே வந்தா அப்பு. அப்புறம் ஒரு ஆறு. நோய்க்காரவுகளைப் படகுல ஏத்தல. அக்கரைக்கு வந்த பிறகு குரல் வரல. ரொம்ப நாளைக்குப் பின்னால இன்னொரு கூட்டத்து ஆளு சொன்னான். துறையில ஒரு பொம்பளை உக்காந்து, இடுப்புல கட்டியிருந்த பிள்ளை தாண்டிருச்சான்னு வாரவுக போறவுகளை எல்லாம் கேட்டாளாம். படகுக்காரன் தாண்டிருச்சுன்னு சொன்ன பிறகுதான் படுத்தாளாம்.”

அவள் விட்டுவிட்டுப் போகவில்லை பவுனு. உன் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

இன்னொன்றும் கேளு. மெட்ராஸ் வந்து சேர்ந்ததும் அந்தம்மாவின் சித்தப்பன் வந்து, ஒரு வயிற்றுக்குத்தான் சோறு என்று சொல்லிவிட, உன்னை விறகுத் தொட்டிக்காரி கையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே தெற்கே போயிருக்கிறார். பிற்பாடு எண்ணூரில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது தொட்டி பழைய இடத்தில் இல்லை; ராயபுரம் முழுக்க உன்னைத் தேடினாராம். உன் தாய் கூப்பிட்ட பேரைச் சொல்லித் தேடியிருக்கிறார். பவுனு என்று யாருக்குத் தெரியும்? உன்னைத் தேடாதவர்கள் என்று சொல்லுவாயே, தேடியிருக்கிறார்கள். அந்தப் பழைய பேரை செல்வியிடம் சொன்னேன். இங்கே எழுத வேண்டாம் என்றேன். பவுனு என்று பழகிய வாய் இது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “பிள்ளையைக் கூட்டிட்டு வரலையா?”

நான் இன்னும் அதைச் சொல்லவேயில்லை. சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கட்டுனவன் எப்படி? குடிப்பானா?” என்றார்.

“நான்தாம்மா கட்டுனவன்.”

“அதான் தெரியுதுல்ல. குடிப்பியா?”

வேலைக்குப் போன காலத்தில் கூலி நாளில் மட்டும் என்றேன், மறைக்கவில்லை. முறைத்தார். பிறகு உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

இப்போது அந்தம்மா நமக்கு உறவாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் செல்வி எர்ணாவூரில். ஐப்பசியில் பெய்த பேய்மழையில் வியாசர்பாடி மிதந்தது, எர்ணாவூர் மிதந்தது. செல்வி முழங்கால் தண்ணீரில் போய் அவரைக் கூட்டிவந்தாள். தண்ணீர் வடிகிறவரை உன் கட்டிலில்தான் படுக்கை. என் குழம்பில் புளி அதிகமாம்; உன்னை எப்படி வைத்துப் பிழைத்தேன் என்று தினமும் விசாரணை. வீட்டில் மறுபடியும் ஒரு அதட்டல் கேட்கிறது பவுனு, நன்றாகத்தான் இருக்கிறது.

ரத்தினத்தின் வண்டியில் எனக்குத் தனித் தட்டு. பாய் போன வாரம் ஒரு கைலி மூட்டிக் கொடுத்துவிட்டு, பேசிய கதைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார். ஆறுமுகத்தின் படகை நாலு தெருக்காரர்கள் சேர்ந்து கடலுக்குத் தள்ளிவிட்டார்கள். ரேஷன் கடை வாசல் வெறிச்சென்று இருக்கிறதாம். முட்டி இன்னும் வலிக்கிறது. இருந்தாலும் காலையில் எழுந்தால் கால் செருப்பைத்தான் தேடுகிறது. யாராவது எதையாவது சொல்லக் காத்திருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

இன்று காலையில் உனக்கு இலை போட்டோம். பக்கத்தில் அங்கம்மாவுக்கும் ஒரு இலை. பேரனுக்குப் பெண் பிறந்தால் அங்கம்மா என்று வைக்கலாமா என்று செல்வி கேட்கிறாள். பழைய பேர் என்று அவள் மருமகள் முகம் சுளிக்கலாம். கதையைச் சொன்னால் சுளிப்பாளா?

உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த மலையில் உன்னைத் தன் இடுப்பில் கட்டி ஆறு தாண்டிக் கொண்டுவந்தவரை, இருக்கிறவரைக்கும் நம் வீட்டுப் பெரிய மனுஷியாக வைத்துக்கொள்ளுவேன். நோயில் விழுந்தால் செல்வி பக்கத்தில் இருப்பாள். யாரும் கூப்பிடு தூரத்தில் நிற்க மாட்டோம். அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு உயிர். உன் அக்கா, வள்ளிக்கண்ணு.

உன் வீட்டுக்காரன்,
முனுசாமி